கரையோர ஆழ்நீர் மேலெழுச்சியும் கடற்பரப்பு வெப்பநிலை அளவீடும்

கரையோர ஆழ்நீர் மேலெழுச்சி என்பது, காற்றால் கரையிலிருந்து தள்ளப்படும் மேற்பரப்பு நீரின் இடத்தை நிரப்பக் கடலின் ஆழத்திலுள்ள குளிர்ந்த நீர் மேலே ஏறிவரும் நிகழ்வாகும். இந்நீர் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் ஆகிய சத்துகளைத் தன்னுடன் கொண்டுவருகிறது. வெயில் படும் மேலடுக்கை அவை அடைந்ததும் மிதவைத் தாவரங்கள் பெருகுகின்றன. அவற்றை உண்ணும் சிறு உயிரிகளும், அவ்வுயிரிகளை உண்ணும் மீன்களும் அதைத் தொடர்ந்து பெருகுகின்றன. பெரு, கலிபோர்னியா, வடமேற்கு ஆப்பிரிக்கா, நமீபியா ஆகியவற்றின் கரைகள் மீன்வளத்துக்குப் பெயர்பெற்றது இதனால்தான்.

இந்தியாவில் இந்நிகழ்வு தெளிவாகத் தெரியும் பகுதிகளுள் முதன்மையானது கன்னியாகுமரி முதல் கொல்லம் வரையுள்ள தென்மேற்குக் கரையாகும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இங்குக் கடல்நீர் குளிர்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் 29 முதல் 30 பாகை செல்சியசு வரை இருக்கும் மேற்பரப்பு வெப்பநிலை, சூலை, ஆகத்து மாதங்களில் 25, 26 பாகை அளவுக்கு இறங்குகிறது. இந்தக் குளிர்ச்சியை அளப்பதே மேலெழுச்சியை ஆராயும் எளிய வழி. ஆனால் குளிர்ந்த நீரெல்லாம் ஆழத்திலிருந்து வந்த நீர் அல்ல. ஆழத்திலிருந்து வந்த நீரும் எப்போதும் மேற்பரப்பில் குளிர்ச்சியாகத் தெரிவதில்லை. ஆகவே வெப்பநிலை அளவீடு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை அறிந்தே அதனைப் பயன்படுத்த வேண்டும்.

காற்று வீசும் திசையும் நீர் நகரும் திசையும்

காற்று எத்திசையில் வீசுகிறதோ அத்திசையிலேயே கடல்நீரும் செல்லும் என்று நினைப்பது இயல்பு. உண்மையில் அப்படி நிகழ்வதில்லை. நார்வே நாட்டு ஆய்வாளர் நான்சென், 1893 முதல் 1896 வரை பிராம் என்னும் கப்பலில் வடதுருவப் பெருங்கடலில் பயணம் செய்தபோது, பனிப்பாளங்கள் காற்றின் திசைக்குச் சற்று வலப்புறமாக விலகி மிதப்பதைக் கண்டார். சுவீடனைச் சேர்ந்த எக்மான் 1905இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்குக் கணிதவழி விளக்கம் அளித்தார்.

புவி சுழல்வதால், அதன் மேல் நகரும் பொருள்கள் வடஅரைக்கோளத்தில் வலப்புறமாகவும் தென்அரைக்கோளத்தில் இடப்புறமாகவும் விலகுகின்றன. இது கொரியோலிசு விளைவு எனப்படும். காற்று மேற்பரப்பு நீரை இழுக்க, அந்நீர் தனக்குக் கீழுள்ள அடுக்கை இழுக்கிறது. ஒவ்வோர் அடுக்கும் தனக்கு மேலுள்ள அடுக்கைவிடச் சற்று மெதுவாகவும், சற்றுக் கூடுதலாக விலகியும் நகர்கிறது. இவ்வடுக்குகளை எல்லாம் கூட்டிப் பார்த்தால், வடஅரைக்கோளத்தில் நீரின் நிகர நகர்வு காற்றின் திசைக்கு வலப்புறமாக 90 பாகையில் அமைகிறது. இதுவே எக்மான் நகர்வு.

இதைக் குமரிக்கரைக்குப் பொருத்திப் பார்க்கலாம். கொல்லத்திலிருந்து கன்னியாகுமரி நோக்கிக் கரை வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் செல்கிறது. பருவக்காற்றுக் காலத்தில் இக்கரையருகே காற்று மேற்கிலிருந்தும் வடமேற்கிலிருந்தும் வீசுகிறது. கடலோர மக்கள் மேற்குக் காற்றைக் கச்சான் என்பர். கரையையொட்டித் தென்கிழக்கு நோக்கி வீசும் காற்றுக்கு வலப்புறம் என்பது தென்மேற்கு, அதாவது திறந்த கடல். எனவே மேற்பரப்பு நீர் கரையைவிட்டு வெளியே செல்கிறது. கரைப்பக்கம் அந்த இடத்தை நிரப்பப் பக்கவாட்டில் நீர் இல்லாததால், கீழிருந்து நீர் ஏறுகிறது.

ஓர் எளிய கணக்கு

இந்த நகர்வின் அளவை மாணவர்கள் தாமே கணக்கிடலாம். கரையையொட்டி வீசும் காற்றின் வேகம் நொடிக்கு 8 மீட்டர் எனக் கொள்வோம். அது கடற்பரப்பில் ஏற்படுத்தும் இழுவிசை ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 0.1 நியூட்டன். 8.5 பாகை வட அகலாங்கில் கொரியோலிசு எண் நொடிக்கு 0.0000216. கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1025 கிலோகிராம்.

இழுவிசையை, அடர்த்தியையும் கொரியோலிசு எண்ணையும் பெருக்கி வரும் தொகையால் வகுத்தால் ஏறத்தாழ 4.5 கிடைக்கும். அதாவது, கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலிருந்தும் நொடிக்கு 4.5 கன மீட்டர் நீர் வெளியே தள்ளப்படுகிறது. இதனை ஈடுசெய்யும் நீர் 50 கிலோமீட்டர் அகலத்தில் மேலேறுகிறது எனக் கொண்டால், அது ஒரு நாளில் ஏறத்தாழ 8 மீட்டர் உயரும். நீரோட்டங்களின் வேகத்தோடு ஒப்பிட்டால் இது மிக மெதுவான அசைவு. ஆயினும் வாரக்கணக்கில் நீடித்தால், பல பத்து மீட்டர் ஆழத்திலுள்ள நீரை மேலே கொண்டுவர இது போதும்.

இக்கணக்கில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. நிலநடுக்கோட்டை நெருங்கும்போது கொரியோலிசு எண் குறைகிறது. அது வகுக்கும் எண்ணாக இருப்பதால் நகர்வு கூடுகிறது. கலிபோர்னியாவில் 37 பாகை அகலாங்கில் இதே காற்று தள்ளும் நீரின் அளவு, குமரிக்கரையில் தள்ளும் அளவில் நான்கில் ஒரு பங்குதான்.

தென்மேற்குக் கரையில் மேலெழுச்சியின் காலம்

வெதுவெதுப்பான மேலடுக்குக்கும் குளிர்ந்த ஆழ்நீருக்கும் இடையில், ஆழம் கூடக்கூட வெப்பநிலை விரைவாகக் குறையும் ஓர் அடுக்கு உண்டு. இது வெப்பச்சரிவு அடுக்கு எனப்படும். மேலெழுச்சி என்பது இவ்வடுக்கு கரைப்பக்கமாக மேலே சாய்வதே. பருவக்காற்றுக்கு முந்தைய மாதங்களில் தென்மேற்குக் கரையில் இது ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. பின்னர் படிப்படியாக உயர்ந்து, சூலை, ஆகத்து மாதங்களில் மேற்பரப்பை நெருங்குகிறது. முதலில் தென்முனையில் தெரியும் குளிர்ச்சி பிறகு வடக்கே கேரளக் கரை வழியாகப் பரவுகிறது. வடக்கே செல்லச்செல்ல அதன் வலிமை குறைகிறது. அக்டோபரில் காற்று மாறியதும் மேலெழுச்சி அடங்குகிறது.

காற்று வலுப்பதற்கு முன்பே வெப்பச்சரிவு அடுக்கு உயரத் தொடங்குவது ஆய்வாளர்களை நெடுங்காலம் சிந்திக்க வைத்தது. இதற்குக் கெல்வின் அலைகள் ஒரு காரணம். வங்காள விரிகுடாவில் உருவாகும் இவ்வலைகள் கரையை எப்போதும் வலப்புறம் வைத்துச் செல்லும். இந்தியாவின் கிழக்குக் கரையில் தெற்கு நோக்கி வந்து, இலங்கையைச் சுற்றி, மேற்குக் கரையில் வடக்கு நோக்கிப் பயணிக்கும்போது அவை வெப்பச்சரிவு அடுக்கின் ஆழத்தை மாற்றுகின்றன. ஆகவே குளச்சல் கடலின் குளிர்ச்சியில் உள்ளூர்க் காற்றுக்கு மட்டுமன்றித் தொலைவிலுள்ள வங்கக்கடலுக்கும் பங்கு உண்டு.

புதுக்கோட்டைக் கரையில் ஏன் நிகழ்வதில்லை

புதுக்கோட்டை மாவட்டம் திருக்கோகர்ணத்தில் இருக்கும் ஒரு மாணவருக்கு அருகிலுள்ள கடல் குமரிக்கடல் அன்று, பாக் விரிகுடா. கோட்டைப்பட்டினம், செகதாப்பட்டினம், மணமேல்குடி ஆகிய ஊர்கள் இதன் கரையில் உள்ளன. இக்கரை ஏறத்தாழ தென்மேற்கிலிருந்து வடகிழக்காகச் செல்கிறது. தென்மேற்குக் காற்று இக்கரையையொட்டியே வீசுகிறது. அக்காற்றுக்கு வலப்புறம் கடல் இருக்கிறது. எனவே விதிப்படி இங்கும் மேற்பரப்பு நீர் கரையைவிட்டு விலக வேண்டும்.

ஆனால் மேலேறி வருவதற்கு இங்கு ஆழ்நீர் இல்லை. பாக் விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைந்த ஆழமுடையது. காற்றும் அலையும் அந்நீரை மேலிருந்து அடிவரை கலக்கிவிடுவதால், மேலே வெந்நீர், கீழே தண்ணீர் என்னும் அடுக்கு நிலைப்பதில்லை. எக்மான் கூறிய அடுக்கடுக்கான விலகல் முழுமை பெறவும் இந்த ஆழம் போதாது. வெயில் காலத்தில் இந்த ஆழமற்ற நீர் எளிதில் சூடேறுகிறது. குளிர்விக்க ஆழ்நீரும் இல்லை. 2016இல் பாக் விரிகுடாவிலும் மன்னார் வளைகுடாவிலும் பவளங்கள் வெப்பத்தால் வெளிறிப்போயின. மேலெழுச்சிக்குக் காற்றின் திசை, கரையின் திசை, கடலின் ஆழம் ஆகிய மூன்றும் ஒருங்கே பொருந்த வேண்டும் என்பதற்கு இவ்விரு கரைகளின் ஒப்பீடு நல்ல எடுத்துக்காட்டு.

இலங்கையின் தென்கரையில் இம்மூன்றும் பொருந்துகின்றன. அங்கு மேற்குக் காற்று கரையையொட்டி வீச, நீர் தெற்கே தள்ளப்பட்டு, கோடைப் பருவத்தில் பச்சையம் மிகுந்த கடற்பகுதி உருவாகிறது.

ஆய்வு வரலாறு

இந்தியாவில் மேலெழுச்சி ஆய்வு 1950களில் வேகம் பெற்றது. அமெரிக்கக் கடலியலாளர் லபாண்ட் ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது விசாகப்பட்டினம் கடலில் நீர் மேலெழுவதையும் அமிழ்வதையும் ஆராய்ந்து எழுதினார். 1947இல் தொடங்கப்பட்ட மைய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபத்தில் இயங்கியது. பின்னர் 1971இல் அதன் தலைமையகம் கொச்சிக்கு மாறியது. கார்ல் பான்சு என்னும் செருமானிய ஆய்வாளர் 1959இல், தென்மேற்குக் கரையின் மேலெழுச்சியையும் இழுவலை மீன்பிடிப்பையும் இணைத்துக் கட்டுரை எழுதினார். பன்னாட்டு இந்தியப் பெருங்கடல் ஆய்வுப் பயணங்கள் 1965 வரை நடந்தன. அவற்றின் தொடர்ச்சியாக 1966இல் கோவாவில் தேசியக் கடலியல் நிறுவனம் அமைந்தது. 1971 முதல் 1975 வரை கொச்சியை மையமாகக் கொண்ட மீன்வளத் திட்டம் ஒன்று, ஆண்டு முழுவதும் கப்பல் அனுப்பி இக்கரையின் வெப்பநிலை, உப்புத்தன்மை, உயிர்வளி ஆகியவற்றை அளந்தது.

வெப்பநிலையை அளக்கும் முறைகள்

வாளியும் வெப்பமானியும்: மிகப் பழைய முறை இதுவே. கப்பலிலிருந்து வாளியை இறக்கி நீர் மொண்டு, உடனே வெப்பமானியால் அளப்பர். வாளி காற்றில் நின்றால் நீர் ஆவியாகிக் குளிரும் என்பதால் விரைவும் நிழலும் தேவை. பின்னாளில் கப்பல் இயந்திரத்துக்குள் செல்லும் நீரின் வெப்பநிலையும் குறிக்கப்பட்டது. இந்த நீர் சில மீட்டர் ஆழத்திலிருந்து எடுக்கப்படுவது. ஆகவே இவ்விரு முறைகளின் அளவுகளையும் திருத்தமின்றி ஒப்பிடக்கூடாது.

ஆழ அளவிகள்: கப்பலிலிருந்து கம்பியில் இறக்கப்படும் கருவி, வெப்பநிலை, உப்புத்தன்மை, ஆழம் ஆகியவற்றை ஒருசேரப் பதிவு செய்கிறது. வெப்பச்சரிவு அடுக்கு உயர்வதை நேரடியாகக் காட்டுவது இதுவே.

மிதவைகள்: 1993இல் சென்னையில் அமைக்கப்பட்ட தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம், இந்தியக் கடல்களில் நங்கூரமிட்ட மிதவைகளைப் பராமரிக்கிறது. ஆர்கோ மிதவைகள் தாமாகவே ஆழத்துக்கு இறங்கி ஏறி அளப்பவை. அவை 2000 மீட்டர் வரை இறங்குமாறு வடிவமைக்கப்பட்டவை என்பதால், ஆழம் குறைந்த கரையோரக் கண்டத்திட்டில் அவற்றால் பெரும் பயன் இல்லை.

செயற்கைக்கோள்கள்: கடற்பரப்பு வெளியிடும் அகச்சிவப்புக் கதிர்களை அளந்து வெப்பநிலையைக் கணிக்கும் கருவிகள் 1970களின் இறுதியிலிருந்து தொடர்ச்சியாக இயங்குகின்றன. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் நுணுக்கத்தில் அவை படம் தருகின்றன. இந்தியாவின் இன்சாட்-3டி 2013இல் ஏவப்பட்டது. 2022 நவம்பர் 26 அன்று ஏவப்பட்ட ஓசன்சாட்-3 கோளில் கடலின் நிறத்தை அளக்கும் கருவியுடன் கடற்பரப்பு வெப்பநிலையை அளக்கும் கருவியும் வைக்கப்பட்டது.

மேலெழுச்சிக் குறியீடு

ஒரே இடத்தின் வெப்பநிலை மட்டும் குறைந்தால் அது மேலெழுச்சிக்குச் சான்றாகாது. பருவமழைக் காலத்தில் மேகம் வெயிலை மறைக்கிறது, காற்று நீரை ஆவியாக்குகிறது, அலை மேலடுக்கைக் கலக்குகிறது. இவற்றால் அரபிக்கடல் முழுவதுமே ஓரளவு குளிர்கிறது. எனவே ஆய்வாளர்கள் ஒரே அகலாங்கில் இரண்டு இடங்களை ஒப்பிடுவர். கரையருகே ஓர் இடம், சில நூறு கிலோமீட்டர் தொலைவில் திறந்த கடலில் மற்றோர் இடம். இரண்டிலும் பருவத்தின் பொதுவான குளிர்ச்சி இருக்கும். கரையில் மட்டும் கூடுதலாக உள்ள குளிர்ச்சியே மேலெழுச்சியின் பங்கு.

எடுத்துக்காட்டாக, திறந்த கடலில் 28.4 பாகையும் கரையருகே 25.6 பாகையும் இருந்தால் குறியீடு 2.8 பாகை. இதை வாரவாரியாகக் கணக்கிட்டு வரைபடம் வரைந்தால், மேலெழுச்சி எப்போது தொடங்கியது, எப்போது உச்சம் பெற்றது, எப்போது அடங்கியது என்பது தெரியும். பல ஆண்டுகளின் வரைபடங்களை ஒப்பிட்டால் எந்த ஆண்டு வலிமையானது என்றும் அறியலாம். காற்றின் வேகத்திலிருந்து கணக்கிடப்படும் எக்மான் நகர்வை இதனுடன் சேர்த்துப் பார்ப்பது வழக்கம். காற்று சொல்வதும் வெப்பநிலை சொல்வதும் ஒத்துப்போகாத ஆண்டுகளே கூடுதல் ஆய்வுக்குரியவை.

அளவீட்டின் குறைகள்

முதல் குறை மேகம். அகச்சிவப்புக் கதிர் மேகத்தைக் கடந்து வராது. தென்மேற்குக் கரையில் மேலெழுச்சி உச்சத்தில் இருக்கும் சூன் முதல் ஆகத்து வரையிலான மாதங்களே மேகம் மிகுந்த மாதங்களும் ஆகும். தேவையான நேரத்தில்தான் படம் கிடைப்பதில்லை.

இரண்டாம் குறை நிலத்தின் நெருக்கம். நுண்ணலைக் கருவிகள் மழையில்லாத மேகத்தை ஊடுருவிப் பார்க்கும். ஆனால் அவற்றின் பார்வை ஏறத்தாழ 50 கிலோமீட்டர் அகலமுடையது. நிலத்திலிருந்து வரும் கதிர்வீச்சு கலந்துவிடுவதால் கரையோர அளவுகளை ஒதுக்கிவிட வேண்டியுள்ளது. மேலெழுச்சியின் குளிர்ந்த பட்டையோ கரையை ஒட்டியே உள்ளது. அகச்சிவப்புக் கருவிக்குக் காலம் தடை என்றால், நுண்ணலைக் கருவிக்கு இடம் தடை. இரண்டையும் இணைத்து உருவாக்கும் படங்களில் விடுபட்ட பகுதிகள் கணக்கீட்டால் நிரப்பப்படுகின்றன. அதனால் குறுகிய குளிர்ப்பட்டை அவற்றில் மங்கிப்போவதுண்டு.

மூன்றாம் குறை மழைநீர். பருவமழையில் ஆறுகள் கொண்டுவரும் நன்னீர் உப்புநீரைவிட இலேசானது. அது கடலின் மேல் சில மீட்டர் தடிமனுக்கு மூடிபோலப் பரவுகிறது. மேலேறிவந்த குளிர்நீர் இந்த மூடிக்குக் கீழேயே தங்கிவிடும். அப்போது மேற்பரப்பு வெப்பநிலை பெரிதாகக் குறையாது. செயற்கைக்கோளில் ஒன்றும் தெரியாத இடத்தில், ஐந்து அல்லது பத்து மீட்டருக்குக் கீழே மேலெழுச்சி நடந்துகொண்டிருக்கும்.

இக்காரணங்களால் வெப்பநிலையுடன் வேறு சான்றுகளும் சேர்க்கப்படுகின்றன. மேலெழுச்சிக் காலத்தில் கரையோரச் சராசரிக் கடல்மட்டம் தாழ்கிறது. அலைகள் கொந்தளிக்கும் பருவத்திலும் கொச்சித் துறைமுகத்தின் கடல்மட்ட அளவி இத்தாழ்வைக் காட்டுகிறது. நீரில் கரைந்த உயிர்வளி குறைவதும் நைட்ரேட் கூடுவதும் ஆழ்நீர் வந்ததற்கான நேரடிச் சான்றுகள்.

மீனவர் வாழ்வில் இதன் இடம்

1999இல் ஐதராபாத்தில் தொடங்கப்பட்ட இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம், கடற்பரப்பு வெப்பநிலை, பச்சையம் ஆகியவற்றின் படங்களைக் கொண்டு மீன் திரளக்கூடிய இடங்களைக் கணித்து அறிவிக்கிறது. குளிர்நீரும் வெந்நீரும் சந்திக்கும் எல்லைகளில் இரை சேரும், அங்கு மீனும் சேரும் என்பதே இதன் அடிப்படை. கரையிலிருந்து திசை, தொலைவு, ஆழம் ஆகியவை தமிழ் உள்ளிட்ட மொழிகளில் தரப்படுகின்றன. சரியான அறிவிப்பு, தேடியலையும் நேரத்தையும் டீசலையும் மிச்சப்படுத்துகிறது.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கான தடைக்காலம் சூன் 1 முதல் சூலை 31 வரை. தமிழகக் கிழக்குக் கரையில் இது ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை. தடைக்காலத்திலும் கடல் சீற்றம் மிகுந்த நாட்களிலும் மீன்வள அறிவிப்பு வெளியிடப்படுவதில்லை. எனவே மேற்குக் கரையில் மேலெழுச்சி வலுக்கும் மாதங்களின் பெரும்பகுதி அறிவிப்பு இல்லாமலே கழிகிறது. அப்பருவத்தில் கடலுக்குச் செல்லும் நாட்டுப்படகு மீனவர்களுக்கு அவர்களது பட்டறிவே துணை.

மேலேறும் நீர் எப்போதும் நன்மையே செய்யும் என்பதில்லை. அரபிக்கடலின் ஆழ்நீரில் உயிர்வளி குறைவு. அந்நீர் கண்டத்திட்டின் மேல் பரவும்போது அடிக்கடலில் வாழும் மீன்கள் அவ்விடத்தைவிட்டு விலகுகின்றன. இழுவலையில் மீன்பாடு குறைவதை பான்சு 1959லேயே இத்துடன் தொடர்புபடுத்தினார். கோவா நிறுவனத்தின் நக்வியும் அவருடன் பணிபுரிந்தோரும் 2000இல் வெளியிட்ட ஆய்வு, மேற்குக் கண்டத்திட்டில் உயிர்வளிக் குறைபாடு தீவிரமாவதையும், அங்கிருந்து நைட்ரசு ஆக்சைடு என்னும் பசுமைக்குடில் வளிமம் வெளியேறுவதையும் காட்டியது.

சாளை அல்லது மத்தி எனப்படும் மீன் இக்கரையின் எளிய மக்களின் உணவு. அது மேலெழுச்சியால் பெருகும் மிதவையுயிரிகளை உண்டு வளர்கிறது. கேரளத்தில் 2012இல் ஏறத்தாழ 3.9 லட்சம் டன் பிடிபட்ட மத்தி, 2021இல் 3,500 டன்னுக்கும் கீழே சரிந்தது. கடல் வெப்பநிலை மாற்றம், மழையின் மாற்றம், எல் நினோ, இளமீன்களைப் பிடித்தல் எனப் பல காரணங்கள் கூறப்படுகின்றன. இவற்றுள் எது எவ்வளவு பங்கு வகித்தது என்பதைப் பிரித்தறிய, மேலெழுச்சியின் வலிமையை ஆண்டுதோறும் நம்பத்தகுந்த முறையில் அளந்து வைத்திருக்க வேண்டும். தவறான காரணத்தைப் பிடித்துக்கொண்டால், கடல் மாறியதற்கு மீனவர் பழி சுமப்பர், அல்லது மிகைப்பிடிப்புக்குக் கடல் பழி சுமக்கும்.

சுருக்கம்

கடற்பரப்பு வெப்பநிலை மேலெழுச்சியின் அறிகுறி மட்டுமே. அதைத் திறந்த கடலின் வெப்பநிலையோடும், காற்றின் திசையோடும், இயன்றால் சில மீட்டர் ஆழத்து அளவோடும் ஒப்பிட்ட பிறகே முடிவுக்கு வர வேண்டும். செயற்கைக்கோள் படத்தில் குளிர்ச்சி தெரியாத நாளிலும் கடலுக்கடியில் மேலெழுச்சி நிகழ்ந்துகொண்டிருக்கலாம். வானிலிருந்து எடுக்கும் படங்கள் பெருகிய இக்காலத்திலும் கப்பலிலிருந்து இறக்கும் அளவியின் தேவை குறையாதது இதனால்தான்.